கண்ணாடியின் கடைசி மூன்று விரற்கடை

ஒரு குளிர்காலம் முழுவதும் காலையில் எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, படுக்கையறைச் சன்னலின் அடிச்சட்டத்தைப் பழந்துணியால் துடைப்பதுதான். கண்ணாடியின் நடுப்பகுதி துளி ஈரமின்றித் தெளிவாக இருக்கும். கீழ் விளிம்பை ஒட்டி மட்டும் ஏறத்தாழ இரண்டு விரற்கடை உயரத்துக்கு நீர்த்துளிகள் வரிசைகட்டி நிற்கும். இரு மூலைகளிலும் அந்த வரிசை சற்றே மேலேறி வளைந்திருக்கும். இத்தனைக்கும் அது பழைய ஒற்றைக் கண்ணாடிச் சன்னல் அன்று. இரட்டைக் கண்ணாடி, உள்ளே வெப்பத்தைத் திருப்பியனுப்பும் குறை உமிழ்வுப் பூச்சு, இடையில் ஆர்கான் வாயு என்று விற்பனைத் தாளில் சொன்ன எல்லாம் அதில் இருந்தன. பொருத்தியவர்களிடம் கேட்டபோது, அறையில் ஈரம் அதிகம், காற்றோட்டம் போதவில்லை என்றார்கள். அது பொய்யில்லை, ஆனால் நடுக்கண்ணாடி ஏன் நனையவில்லை என்ற கேள்விக்கு அதில் விடையும் இல்லை.

கட்டடங்களின் வெப்பக் கணக்கைப் பார்ப்பதே என் தொழில் என்பதால் இதை அப்படியே விட மனம் வரவில்லை. மெல்லிய கம்பி வடிவ வெப்ப உணரிகள் இரண்டை ஒட்டுநாடாவால் கண்ணாடியின் உட்பக்கத்தில் ஒட்டினேன்: ஒன்று நடுவில், மற்றொன்று கீழ்ச்சட்டத்தை ஒட்டினாற்போல். துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானி இந்த வேலைக்கு அவ்வளவாக உதவாது. அது ஒரு புள்ளியை அன்று, ஒரு வட்டப் பரப்பின் சராசரியைக் காட்டுகிறது, விளிம்புப் பட்டையோ அந்த வட்டத்தைவிடக் குறுகலானது. வெளியே -4 டிகிரி, உள்ளே 21 டிகிரி, ஈரப்பதம் 45 சதவீதம் இருந்த ஒரு விடியலில் நடு உணரி 17.4 டிகிரியும் விளிம்பு உணரி 8 டிகிரியும் காட்டின. அந்த அறைக்காற்றின் பனிநிலை, அதாவது ஆவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 8.6 டிகிரி. ஒரே கண்ணாடியில் அரை மீட்டர் தூரத்துக்குள் ஒன்பது டிகிரிக்கு மேல் வேறுபாடு. அந்த வேறுபாட்டின் அடிப்பகுதி பனிநிலைக்குக் கீழே கிடந்தது. அதற்குக் காரணம், இரு கண்ணாடிகளுக்கும் நடுவே விளிம்பைச் சுற்றி ஓடும் ஸ்பேசர் என்னும் சட்டம்.

அந்தச் சன்னலின் இரண்டு கண்ணாடி அலகுகளில் ஒன்றில் மறு ஆண்டே உட்புறமாகப் புகைபோலப் பனி படிந்து, எந்தத் துணியாலும் துடைக்க முடியாத இடத்தில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. மாற்றித் தந்தவர்களிடம் பழைய அலகைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, கத்தியும் கையுறையுமாக ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து அதைப் பிரித்தேன். வெளிப்புறத்தில் கறுப்பு நிறத்தில் ரப்பர்போன்ற ஒரு பூச்சு. அது பாலிசல்ஃபைடு, இரண்டாம் அடைப்பு. கண்ணாடிகளைப் பிரிந்துவிடாமல் இறுகப் பிடிப்பது அதன் வேலை. அதை அறுத்தெடுத்தால் உள்ளே, ஸ்பேசரின் இரு பக்கவாட்டிலும் கண்ணாடியோடு நசுங்கி ஒட்டியிருக்கும் பிசுபிசுப்பான ஒரு கறுப்பு இழை தெரியும். அது பியூட்டைல் எனப்படும் பாலிஐசோபியூட்டிலீன், முதல் அடைப்பு. நீராவி உள்ளே புகாமலும் ஆர்கான் வெளியேறாமலும் காப்பது பெரும்பாலும் இந்த மெல்லிய இழைதான். நடுவில் இருப்பது ஸ்பேசர்: வெள்ளிநிற அலுமினியத்தால் ஆன வெற்றுக் குழல், கண்ணாடி இடைவெளியைப் பார்க்கும் முகத்தில் மட்டும் ஊசித்துளைகள்.

குழலைச் சாய்த்ததும் கடுகளவு மணிகள் உள்ளங்கையில் கொட்டின. மூலக்கூறு சல்லடை என்று சொல்லப்படும் ஈர உறிஞ்சி அது. நல்ல நிலையில் உள்ள மணிகளைக் கையில் வைத்து இரண்டு துளி நீர் விட்டால் சட்டென்று சுடும். நீரை உள்ளிழுக்கும்போது வெளியாகும் வெப்பம் அது. நான் விட்ட நீரில் இந்த மணிகள் வெறுமனே நனைந்தன. ஏற்கெனவே வயிறு நிரம்பிவிட்டது என்று பொருள். காரணமும் அருகிலேயே இருந்தது. நான்கு துண்டுக் குழல்களை மூலைத் திறவுகளால், அதாவது குழல் முனைகளுக்குள் செருகும் இணைப்புத் துண்டுகளால், இணைத்துச் செய்த சட்டம் அது. ஒரு மூலையில், திறவு செருகிய இடத்தில், பியூட்டைல் இழை விரல்நக அகலத்துக்கு விட்டுப்போயிருந்தது. பல ஆண்டுகள் வேலை செய்ய வேண்டிய பொருள் அந்த நக அகல வழியில் தோற்றுவிட்டது. இந்த மூலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்புகிறேன்.

முதலில் வெப்பம். வெப்பக் கடத்துதிறனை மீட்டர்-கெல்வினுக்கு இத்தனை வாட் என்று அளக்கிறோம். ஆர்கானுக்கு அது சுமார் 0.017, கண்ணாடிக்கு 1. அலுமினியத்துக்கு வடிவமைப்புக் கணக்குகளில் 160 என எடுத்துக்கொள்கிறோம். அதாவது, அசையாத வாயுவால் ஒரு இடைவெளியை அடைத்து வெப்பத்தைத் தடுத்துவிட்டு, அதே இடைவெளியின் நான்கு ஓரங்களிலும் அந்த வாயுவைவிட ஒன்பதாயிரம் மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும் ஒரு பாலத்தைக் கட்டியிருக்கிறோம். உட்கண்ணாடியின் விளிம்பிலிருந்து வெப்பம் அந்தப் பாலத்தின் வழியே வெளிக்கண்ணாடிக்கு வழிந்தோடுகிறது. அதை ஈடுகட்டக் கண்ணாடியின் உட்பகுதியிலிருந்து வெப்பம் விளிம்பை நோக்கிப் பக்கவாட்டில் நகர்கிறது. கண்ணாடி அவ்வளவு நல்ல கடத்தி இல்லை என்பதால் இந்தக் குளிர்ச்சி வெகுதூரம் பரவுவதில்லை. வட அமெரிக்கக் கணக்குமுறையில் சட்டத்திலிருந்து 63.5 மி.மீ. வரையுள்ள பகுதியை விளிம்புக் கண்ணாடி என்று தனியே பிரித்துக் கணக்கிடுவது இதனால்தான். நம் கையளவில் சொன்னால் மூன்று விரற்கடைக்குச் சற்று மேல்.

உலோகம் என்றாலே மோசம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. உலோகத்தின் தடிமனும் சேர்ந்தே பேசப்பட வேண்டும். ஐஎஸ்ஓ 10077 என்னும் சன்னல் கணக்கு நெறிமுறை இதற்கு எளிய ஒரு சோதனை வைத்திருக்கிறது. ஸ்பேசரின் ஒவ்வொரு சுவரின் தடிமனையும் அதன் கடத்துதிறனால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும்; கூட்டுத்தொகை கெல்வினுக்கு 0.007 வாட்டை மீறவில்லை என்றால் அது வெப்ப விளிம்பு ஸ்பேசர், அதாவது விளிம்பை அவ்வளவாகக் குளிரவிடாத வகை. நான் பிரித்த குழலின் சுவர் 0.35 மி.மீ.; உள்முகம், வெளிமுகம் என இரண்டு சுவர்கள். 0.7 மி.மீ. தடிமனை மீட்டராக்கி 160 ஆல் பெருக்கினால் 0.112 வருகிறது, வரம்பைப்போலப் பதினாறு மடங்கு. இதே வடிவக் குழலை 0.18 மி.மீ. தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகில் செய்தால், அதன் கடத்துதிறன் சுமார் 15 என்பதால், 0.0054 தான் வருகிறது. உள்ளே நிரப்பிய உறிஞ்சி மணிகளின் பங்கைச் சேர்த்தாலும் 0.006 ஐ ஒட்டியே நிற்கும். பார்வைக்கு இரண்டும் உலோகக் குழல்கள்தாம். எஃகு வலுவானது என்பதால் அதைப் பாதித் தடிமனில் உருட்ட முடிகிறது, கடத்துதிறனும் பத்தில் ஒரு பங்கு. இரண்டும் சேர்ந்துதான் இந்த வேறுபாட்டைத் தருகின்றன.

இனி, இந்த வேறுபாடு முழுச் சன்னலில் எவ்வளவு தெரியும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சன்னலின் மொத்த வெப்ப இழப்பு மூன்று பகுதிகளின் கூட்டு: கண்ணாடிப் பரப்பு வழியே போவது, சட்டத்தின் பரப்பு வழியே போவது, இரண்டும் சந்திக்கும் கோடு வழியே போவது. இந்த மூன்றாவதைச் சை என்ற கிரேக்க எழுத்தால் குறிக்கிறார்கள். ஒரு மீட்டர் விளிம்புக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, எத்தனை வாட் கூடுதலாகப் போகிறது என்பதே சை மதிப்பு. மர அல்லது பிவிசி சட்டத்தில் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடிக்கு, அலுமினிய ஸ்பேசர் என்றால் 0.08, வெப்ப விளிம்பு என்றால் 0.06 எனப் பொதுவாக எடுத்துக்கொள்ளலாம் என்று அதே நெறிமுறையின் அட்டவணை சொல்கிறது. வெப்பத்தடுப்பு வைத்த உலோகச் சட்டத்துக்கு அந்த எண்கள் 0.11, 0.08.

ஐரோப்பிய நெறிமுறைகளில் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் 1.23 மீட்டருக்கு 1.48 மீட்டர் சன்னலையே கொள்வோம். சட்டம் சுற்றிலும் 11 செ.மீ. என்றால் கண்ணாடி 1.27 சதுர மீட்டர், அதன் சுற்றளவு 4.54 மீட்டர். ஒரு சதுர மீட்டர் பரப்பு வழியே, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, எத்தனை வாட் போகிறது என்பதே யூ மதிப்பு. கண்ணாடி நடுவின் யூ மதிப்பு 1.1, சட்டத்தின் யூ மதிப்பு 1.3. அலுமினிய ஸ்பேசரோடு முழுச் சன்னலின் யூ மதிப்பு 1.36 ஆகிறது, அட்டவணை சொல்லும் வெப்ப விளிம்போடு 1.31, சை 0.04 வரை இறங்கும் நல்ல ஸ்பேசர் ஒன்றோடு 1.26. வாட்டில் சொன்னால் இன்னும் தெளிவாக விளங்கும். உள்ளுக்கும் வெளிக்கும் 25 டிகிரி வேறுபாடு இருக்கும் குளிர்நாளில், 0.08 இலிருந்து 0.06 க்கு மாறுவதால் இந்தச் சன்னலில் மிச்சமாவது இரண்டேகால் வாட். சிறிய இரவு விளக்கு ஒன்றின் அளவு. ஸ்பேசரை மாற்றினால் வெப்பச் செலவு வெகுவாகக் குறையும் என்று யாராவது ஆர்வத்தோடு சொன்னால், இந்த இரண்டேகால் வாட்டை அவர் முன் வைக்கலாம்.

ஆனாலும் இந்தக் கணக்கு எல்லாச் சன்னல்களுக்கும் ஒரேபோல் இல்லை. பூச்சில்லாத பழைய இரட்டைக் கண்ணாடியின் நடு யூ மதிப்பு 2.8. அதில் மொத்த இழப்பில் விளிம்பின் பங்கு சுமார் 6 சதவீதம். நடுவே ஓட்டையாக இருக்கும்போது ஓரத்தைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? மூன்றடுக்குக் கண்ணாடியில் நடு 0.6, சட்டம் 1.0 என்று ஆகிவிட்ட பிறகு, அலுமினிய ஸ்பேசரின் பங்கு 22 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. கண்ணாடி மேம்பட மேம்பட, மாறாமல் இருந்த விளிம்பு தானாகவே பெரிய குற்றவாளியாகிறது. பூச்சுள்ள கண்ணாடிக்கு அட்டவணையில் சை மதிப்பு கூடுதலாக இருப்பதும் இதே காரணத்தால்தான். பூச்சு நடுவை மட்டும் காக்கிறது, எனவே நடுவுக்கும் ஓரத்துக்குமான பள்ளம் ஆழமாகிறது. அதேபோல, ஒரே பெரிய கண்ணாடிக்குப் பதிலாக அதே பரப்பை ஆறு தனித்தனிக் கண்ணாடி அலகுகளாகப் பிரித்தால், பரப்பு மாறாது, விளிம்பின் நீளமோ 4.54 மீட்டரிலிருந்து 11 மீட்டருக்குத் தாவுகிறது. அழகுக்காகக் குறுக்குச் சட்டங்கள் கேட்கும் வாடிக்கையாளர்களிடம் நான் இதைச் சொல்லும்போது பெரும்பாலும் அவர்கள் முகம் வாடுகிறது. என்ன செய்வது, நீளம் நீளம்தான்.

இருந்தாலும், ஸ்பேசரைப் பற்றி யூ மதிப்பின் வழியாகப் பேசுவதே தவறான வாசலில் நுழைவது என்பது என் கருத்து. யூ மதிப்பு ஒரு சராசரி. ஒன்றரைச் சதுர மீட்டருக்கு மேல் பரந்த சன்னலின் சராசரியில் மூன்று விரற்கடை ஓரத்தின் குளிர்ச்சி, கடலில் கரைத்த பெருங்காயம்போல மறைந்துவிடும். நீர் சராசரியைப் பார்த்துப் படிவதில்லை. மிகக் குளிர்ந்த இடத்தைத் தேடிப் படிகிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, விளிம்பில் உட்புறப் பரப்பின் வெப்பநிலை எவ்வளவு என்பதே.

இதை அளக்கவும் ஓர் எளிய விகிதம் இருக்கிறது. பரப்பின் வெப்பநிலை வெளிக்காற்றைவிட எத்தனை டிகிரி மேலே இருக்கிறது என்பதை, உள்காற்று வெளிக்காற்றைவிட எத்தனை டிகிரி மேலே இருக்கிறது என்பதால் வகுத்தால் கிடைப்பது வெப்பநிலைக் காரணி. என் சன்னலின் அடிவிளிம்பில், 25 டிகிரி வேறுபாட்டில் 12 டிகிரி, அதாவது 0.48. நடுவில் 0.86. ஜெர்மனியின் டிஐஎன் 4108 நெறிமுறை, கட்டடச் சுவர்களின் மூலைமுடுக்குகளில் பூஞ்சை பிடிக்காதிருக்க இந்தக் காரணி 0.70 க்குக் குறையக் கூடாது என்கிறது. உள்ளே 20 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம், வெளியே -5 என்று கொண்டால் அது ஏறத்தாழ 12.6 டிகிரிப் பரப்பு வெப்பநிலைக்குச் சமம். நீர் கண்ணுக்குத் தெரியும்படி படிய 9.3 டிகிரி வரை இறங்க வேண்டும்; பூஞ்சைக்கு அவ்வளவு தேவையில்லை, பரப்பை ஒட்டிய காற்றில் 80 சதவீத ஈரப்பதம் நிலைத்து நின்றாலே போதும். கண்ணாடியில் பூஞ்சைக்கு உணவில்லை. ஆனால் கண்ணாடியை ஒட்டிய ரப்பர்ப் பட்டையிலும் சட்டத்தின் வண்ணப்பூச்சிலும் தூசியிலும் அதற்கு வேண்டியது கிடைக்கிறது. அடிச்சட்டத்து மூலைகளில் முதலில் கறுப்புப் புள்ளிகள் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

அடிவிளிம்பு ஏன் மேல்விளிம்பைவிட மோசம் என்பதற்கும் இடைவெளி வாயுவே விடை. வெளிக்கண்ணாடியை ஒட்டிய வாயு குளிர்ந்து கனத்துக் கீழிறங்குகிறது. உட்கண்ணாடியை ஒட்டிய வாயு சூடேறி மேலெழுகிறது. இந்த மெல்லிய சுழற்சியில் குளிர்ந்த வாயு வந்து சேரும் இடம் அடிப்பகுதி. அறையிலும் அதே நாடகம்தான்: கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்த காற்று வழிந்து அடிச்சட்டத்தில் தேங்குகிறது. ஸ்பேசரின் குளிர்ச்சி நான்கு பக்கமும் ஒன்றே. கீழே மட்டும் இந்த இரண்டும் அதன்மேல் ஏறி உட்காருகின்றன. மூலையில் இரண்டு விளிம்புகள் சந்திப்பதால் அங்கே இன்னும் கீழே. கண்ணாடியைச் சட்டத்துக்குள் சில மில்லிமீட்டர்கள் ஆழமாக அமர்த்தி ஸ்பேசரை முழுமையாக உள்ளே மறைத்தால் இந்த நிலைமை ஓரளவு சீராகிறது. ஸ்பேசரை மாற்றாமலே விளிம்பை மேம்படுத்தும் வழி இது. ஆனால் சட்டத்தை வடிவமைக்கும்போதே செய்ய வேண்டியது, பொருத்திய பிறகு முடியாது.

கண்ணாடிகளுக்கிடையே காற்றை அடைத்துவைக்கும் யோசனை பழையது. அமெரிக்காவில் தாமஸ் ஸ்டெட்சன் 1865 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அன்றிலிருந்து விளிம்பை எப்படி அடைப்பது என்பதே கைவினைஞர்களின் தலைவலி. இன்று வெப்ப விளிம்பு என்ற பெயரில் கிடைப்பவை ஒரே பொருள் இல்லை. மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் குழலைச் சொன்னேன். கண்ணாடியிழை கலந்த பிளாஸ்டிக் குழலின் முதுகில் 0.1 மி.மீ. அளவிலான எஃகுத் தகட்டையோ உலோகம் பூசிய படலத்தையோ ஒட்டிய கலப்பு வகை ஒன்று உண்டு. ஈர உறிஞ்சியையே தன்னுள் கலந்த சிலிக்கோன் நுரைப் பட்டை ஒன்று. பியூட்டைலோடு உறிஞ்சியைக் கலந்து, சூடாகக் கண்ணாடியின் மேல் இயந்திரம் நேரடியாகப் பிழிந்துவிடும் வகை இன்னொன்று. அதில் ஸ்பேசரும் முதல் அடைப்பும் ஒன்றேயாகிவிடுவதால், என் பழைய அலகில் விட்டுப்போனதுபோன்ற மூலை இணைப்பே இல்லை. வளைத்துச் செய்யும் எஃகுக் குழலிலும் மூலையில் வெட்டு இல்லை.

பிளாஸ்டிக்கின் கடத்துதிறன் எஃகைவிட மிகக் குறைவு என்றால் முழுவதும் பிளாஸ்டிக்கிலேயே செய்தால் என்ன என்று தோன்றும். செய்யலாம்; ஆனால் பிளாஸ்டிக்கின் ஊடாக ஆர்கானும் நீராவியும் மெதுவாக ஊறிக் கடக்கும். அந்த எஃகுத் தகடு வெப்பத்துக்காக அன்று, வாயுத் தடுப்புக்காக வைக்கப்பட்டது. அதுவே வெப்பத்தைக் கொஞ்சம் கடத்தவும் செய்கிறது. ஸ்பேசர் வடிவமைப்பு முழுவதும் இந்த இழுபறிதான்: வெப்பத்துக்கு உலோகம் வேண்டாம், வாயுவுக்கு உலோகம் வேண்டும், ஆகவே எவ்வளவு மெல்லியதாக வைக்கலாம் என்பதே போட்டி.

விரிவாக்கமும் சேர்ந்துகொள்கிறது. ஒன்றரை மீட்டர் நீளத்தில் 40 டிகிரி மாற்றத்துக்கு அலுமினியம் 1.4 மி.மீ. நீள்கிறது, கண்ணாடியோ அரை மி.மீ. சொச்சம்தான். மீதி ஏறத்தாழ 0.9 மி.மீ. அளவு நகர்வை, நான் முன்னே சொன்ன அந்தப் பியூட்டைல் இழை ஒவ்வொரு பருவத்திலும் முன்னும் பின்னுமாகத் தாங்க வேண்டும். இதற்கு மேல் அழுத்தம் வேறு. 20 டிகிரியில் மூடப்பட்ட இடைவெளி வெயிலில் 50 டிகிரிக்குச் சூடேறினால், கண்ணாடி அசையாதிருந்தால், உள்ளழுத்தம் பத்தில் ஒரு பங்கு உயரும். சதுர மீட்டருக்கு ஒரு டன் எடைபோன்ற விசை அது. நல்லவேளையாகக் கண்ணாடி புடைத்து அதில் பெரும்பகுதியைத் தணித்துவிடுகிறது. ஆனால் புடைக்கும் கண்ணாடி விளிம்பில்தான் திருகுகிறது, அந்தத் திருகலும் அடைப்பின் தலையில்தான் விழுகிறது. கண்ணாடி சின்னதாகவும் தடிமனாகவும் இருந்தால் புடைக்க முடியாமல் விளிம்பு இன்னும் அதிகமாக வருந்தும். சிறிய சன்னல்களில் அடைப்பு முதலில் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உறிஞ்சி மணிகளிலும் ஒரு நுட்பம் உண்டு. நல்ல அலகில் பயன்படுவது மூன்று ஆங்ஸ்ட்ராம் துளையுள்ள வகை (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). அதில் நீர் மூலக்கூறு நுழையும். நைட்ரஜனும் ஆர்கானும் நுழையா. பெரிய துளையுள்ள மலிவான வகையைக் கலந்துவிட்டால், குளிரில் அது வாயுவையும் விழுங்கிக்கொண்டு வெயிலில் திருப்பிக் கக்கும்; கண்ணாடி அதற்கேற்ப உள்ளே குழிந்தும் வெளியே புடைத்தும் மூச்சுவிடும். ஈஎன் 1279 என்னும் ஐரோப்பிய நெறிமுறை ஆர்கான் கசிவை ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தச் சொல்கிறது. மூலை இழை விட்டுப்போன என் அலகில் அந்தக் கணக்கெல்லாம் பொருளற்றுப் போயிற்று: உறிஞ்சி நிறைந்துவிட்டிருந்தபோது ஆர்கானும் எப்போதோ வெளியேறியிருக்க வேண்டும், அதனோடு நடுக்கண்ணாடியின் 1.1 என்ற மதிப்பும். சை மதிப்பில் 0.02 ஐ மிச்சப்படுத்தப் பெருமுயற்சி செய்துவிட்டு அடைப்பில் அலட்சியம் காட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. அதனால்தான் இப்போது யார் என்னிடம் ஸ்பேசர் பற்றிக் கேட்டாலும், முதலில் மூலை எப்படி இணைக்கப்படுகிறது, முதல் அடைப்பு அறுபடாமல் சுற்றிவருகிறதா என்று கேட்கச் சொல்கிறேன். வெப்ப எண்கள் அதற்குப் பிறகு.

வெப்பமான ஊர்களில் இந்த விவாதத்துக்கு அவ்வளவு எடை இல்லை. அங்கே சன்னலின் பெருஞ்சுமை வெயில். உள்ளுக்கும் வெளிக்கும் வெப்பநிலை வேறுபாடு பத்துப் பன்னிரண்டு டிகிரிதான். குளிரூட்டிய அறைகளில் வெளிக்காற்று மிக ஈரமாக இருக்கும்போது நீர் வெளிமுகத்தின் ஓரத்தில் படியும், அது யாரையும் துன்புறுத்துவதில்லை. அடைப்பின் ஆயுள் மட்டும் அங்கும் அதே அளவு முக்கியம்; வெயில் கடுமையாக இருப்பதால் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே.

விற்பனைத் தாள்களில் வெப்ப விளிம்பு என்ற சொல்லைப் பார்த்ததும் மகிழ்ந்துவிட வேண்டாம். 0.007 என்பது ஒரு நுழைவாயில் மட்டுமே. அதை மயிரிழையில் தாண்டியதும் அதன் கால்பங்கில் நிற்பதும் ஒரே பெயரைத்தான் சுமக்கின்றன. சை மதிப்பும் ஸ்பேசருக்கு மட்டும் சொந்தமானதில்லை: சட்டம், கண்ணாடி, அமரும் ஆழம், இரண்டாம் அடைப்பின் உயரம் எல்லாம் சேர்ந்து தருவது. கடைசியாகச் சொன்னதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பாலிசல்ஃபைடின் கடத்துதிறன் 0.40, பிளாஸ்டிக் ஸ்பேசரைவிட அது நல்ல கடத்தி. ஸ்பேசரின் முதுகில் 3 மி.மீ. என்று கணக்கிட்ட அடைப்பைத் தொழிற்சாலையில் தாராளமாக 6 மி.மீ. இட்டால், தாளில் அச்சான சை மதிப்பு தாளிலேயே தங்கிவிடும். கட்டடத்தின் முகப்பில் சட்டமின்றிச் சிலிக்கோனால் ஒட்டும் கண்ணாடிகளுக்கு வலிமை கருதி ஆழமான அடைப்பு தவிர்க்க முடியாதது. அங்கே இந்த இழப்பைத் தெரிந்தே ஏற்க வேண்டும்.

உங்கள் சன்னலில் எது இருக்கிறது என்று அறிய, கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்து இரு கண்ணாடிகளுக்கும் நடுவே ஓரத்தைப் பாருங்கள். பளபளக்கும் வெள்ளிநிறமும் வரிசைத் துளைகளும் தெரிந்தால் அது பெரும்பாலும் அலுமினியம். மங்கிய கறுப்பு அல்லது சாம்பல் நிறத்தில், துளை புலப்படாமல் இருந்தால் நுரை அல்லது பிழிந்த வகை. வெறும் நிறத்தை நம்பிவிடக் கூடாது, கறுப்புப் பூசிய அலுமினியமும் உண்டு. சில ஸ்பேசர்களில் தயாரித்தவர் பெயரும் நாளும் உள்முகத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். அது கிடைத்தால் மீதி எளிது.

மாற்றித் தந்த புதிய அலகில் எஃகுத் தகடு ஒட்டிய பிளாஸ்டிக் ஸ்பேசர் இருந்தது, மூலைகளில் வளைவு. பழைய உணரிகளைப் பழைய இடங்களிலேயே மறுபடியும் ஒட்டினேன். -4 டிகிரி விடியல் ஒன்று மீண்டும் வந்தபோது அடிவிளிம்பு 11.1 டிகிரி காட்டியது. பனிநிலைக்கு இரண்டரை டிகிரி மேலே, உலர்ந்த கண்ணாடி. ஆனால் அந்த அறைக்காற்றுக்குப் பூஞ்சை எல்லை 12 டிகிரி என்பதால், மாலையில் சற்று நேரம் சன்னலைத் திறந்துவைக்கும் பழக்கத்தை நான் விடவில்லை. அடுத்த மாதம் -9 வரை இறங்கிய ஓர் இரவுக்குப் பிறகு போய்ப் பார்த்தேன்: விளிம்பு 9 டிகிரி, முழு நீளமும் காய்ந்திருந்தது. இடது கீழ்மூலையில் மட்டும், உணரி 7.8 காட்டிய இடத்தில், இரண்டு துளி நின்றது. விரலாலேயே துடைத்துவிட்டேன்.